லயனல் வென்ட்: இசையும் நிழற்படமும் – ஒரு சமூகவியல் நோக்கு

கொழும்பில் நாடகம் பார்த்துப் பழகிய தமிழ் வாசகர்களுக்கு 'லயனல் வென்ட்' என்பது ஓர் அரங்கின் பெயர். அப்பெயரைத் தாங்கிய மனிதர் பியானோ இசைஞராகவும் நிழற்படக் கலைஞராகவும் வாழ்ந்து நாற்பத்து நான்கு வயதில் மறைந்தவர் என்பதை நம்மிற் பலர் கருத்திற் கொள்வதில்லை. ஈழத்து நவீன கலைவளர்ச்சி பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளில் அவர் ஒருசில வரிகளுக்கு மேல் இடம்பெறுவது அரிது. முற்போக்கு விமர்சன மரபிற் பயின்ற நாமும் அவரை ஆங்கிலம் கற்ற கொழும்பு உயர்குழாத்தின் அழகியல்வாதி என்ற ஒற்றைத் தொடரால் அளந்து அப்பாற் சென்றவர்களே. அத்தொடர் பொய்யன்று. ஆயின் ஒரு கலைஞனின் வர்க்கத்தைக் குறிப்பிடுவதோடு அவனைப் பற்றிய விமர்சனம் நிறைவுபெறுவதில்லை. அங்கிருந்துதான் அது தொடங்க வேண்டும்.

இக்கட்டுரை இரண்டு வினாக்களை முன்வைக்கின்றது. இசைஞர் ஒருவர் நிழற்படப் பிரதியாக்கத்துக்கு எதனைக் கொண்டுவந்தார் என்பது முதலாவது. அவ்வாறு ஆக்கப்பட்ட பிரதிகள் எவர் கையில் இருந்தன, எவருடைய கண்ணுக்கு எட்டின என்பது இரண்டாவது. முன்னையது அழகியல் வினாவாகவும் பின்னையது பொருளியல் வினாவாகவும் தோன்றலாம். இவை இரண்டும் ஒன்றையொன்று தழுவி நிற்பவை என்பதே நமது கருத்து. இக்கட்டுரையைத் தீவகத்தின் நாரந்தனைக் கிராமத்திலிருந்து எழுதுகின்றோம். கொழும்புப் பிரமுகர் ஒருவரின் கலையைப் பற்றிச் சிந்திப்பதற்கும் இவ்வூருக்கும் என்ன தொடர்பு என்பதற்கான விடை கட்டுரையின் இறுதியிற் புலப்படும்.

1. வாழ்வும் வர்க்கமும்

லயனல் வென்ட் 1900 டிசம்பர் 3ஆம் நாள் கொழும்பிற் பறங்கியர் சமூகக் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் ஹென்றி லோரென்ஸ் வென்ட் உயர் நீதிமன்ற நீதியரசர்; இலங்கையில் நிழற்படக் கலையை விருப்பத் தொழிலாகப் பயின்ற முன்னோடிகளுள் ஒருவர். குடியேற்றநாட்டு ஆட்சி தன் நீதித்துறைக்கும் நிருவாகத்துக்கும் வேண்டிய உள்ளூர் அறிவாளரை எந்தக் குடும்பங்களிலிருந்து பெற்றுக்கொண்டதோ, அக்குடும்பங்களுள் இதுவும் ஒன்று. மகனும் அவ்வழியே செல்ல வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. முதலாம் உலக யுத்தம் முடிந்த காலத்தில் லண்டன் சென்ற வென்ட் அங்கு சட்டம் பயின்று பாரிஸ்டரானார். அதே காலத்தில் றோயல் இசைக் கழகத்தில் ஒஸ்கார் பெரிங்கரிடம் பியானோவும் பயின்றார். 1924இல் நாடு திரும்பியவர் சில காலத்திலேயே சட்டத் தொழிலைக் கைவிட்டு, இசையையே தம் பணியாக வரித்துக்கொண்டார்.

அதே 1924ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் மாணவர் மாநாடொன்றைக் கூட்டினர். பின்னர் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற அவ்வியக்கம் பூரண சுயராச்சியத்தைக் கோரியது. 1931இற் சட்டசபைத் தேர்தலைப் புறக்கணிக்கச் செய்தது. சாதிக் கொடுமையையும் தாய்மொழிப் புறக்கணிப்பையும் எதிர்த்தது. இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒன்றையொன்று அறியாது நிகழ்ந்தவை. எனினும் இரண்டுக்கும் அடியில் இருந்த சமூக நெருக்கடி ஒன்றே. குடியேற்றநாட்டுக் கல்வி தான் உருவாக்கிய இளைஞரைத் தன் அலுவலகங்களுள் அடக்கிவைக்க முடியாத ஒரு கட்டம் அது. யாழ்ப்பாணத்து இளைஞன் அரசியல் மேடைக்குச் சென்றான். கொழும்பு நீதியரசரின் மகன் பியானோவின் முன் அமர்ந்தான். விட்டுச் சென்ற இடம் ஒன்று. சென்றடைந்த இடங்கள் வெவ்வேறு. அந்த வேறுபாட்டை நிருணயித்தது அவரவர் கையிலிருந்த செல்வம் எனலாம்.

வென்ட்டின் கொழும்பு வாழ்வு பற்றி நமக்குக் கிடைக்கும் சாட்சியங்களுள் முக்கியமானது, பின்னாளிற் சிலி நாட்டின் பொதுவுடைமைக் கவிஞராக உலகப் புகழ் பெற்ற பாப்லோ நெரூடாவுடையது. 1929ஆம் ஆண்டளவிற் கொழும்பிற் சிலி நாட்டுத் துணைத் தூதுவராகப் பணியாற்றிய நெரூடா வெள்ளவத்தைக் கடற்கரையோரம் தனிமையில் வாழ்ந்தார். வென்ட் வாரந்தோறும் ஒரு சைக்கிளோட்டியிடம் நூல்கள் நிறைந்த சாக்கொன்றைக் கொடுத்து அனுப்பிவந்ததை அவர் தம் நினைவுக் குறிப்புகளில் நன்றியுடன் பதிந்துள்ளார். மறைந்துகொண்டிருக்கும் பேரரசின் பண்பாட்டுக்கும் இன்னும் உணரப்படாத இலங்கையின் மனித விழுமியங்களுக்கும் இடையில் நின்ற ஒரு கலாசார வாழ்வின் மையம் என வென்ட்டை அவர் மதிப்பிடுகின்றார். வென்ட்டின் முரண்பாட்டை இதனினும் செறிவாக விளக்குவது கடினம். அந்தச் சாக்கிலே நூல்களை நிறைத்தவரின் பெயர் நமக்குத் தெரியும். அதனை வாரந்தோறும் சுமந்து சென்றவரின் பெயர் தெரியாது. இவ்வேறுபாட்டை மனங்கொண்டு மேலே செல்வோம்.

2. சுரக்குறிப்பும் நெகற்றிவும்

பியானோக் கலைஞர் என்பவர் யார்? அவர் பெரும்பாலும் தாமே இயற்றாத ஓர் ஆக்கத்தைத் தம் கைகளால் மீண்டும் பிறப்பிப்பவர். மேலைச் செந்நெறி இசை தாளிற் சுரக்குறிப்பாக எழுதப்பட்டிருக்கும். ஆயின் தாளிலிருப்பது இசையன்று. இசைப்பதற்கான ஒரு சாத்தியப்பாடு மட்டுமே. எவ்விடத்தில் விரைதல், எவ்விடத்தில் தாழ்தல், எவ்வொலியை மேலெழச் செய்து எதனை அடக்குதல் என்பவை இசைப்பவர் ஒவ்வொரு முறையும் தீர்மானிப்பவை. டெபுசி, ரவெல் முதலிய அன்றைய நவீன இசையாளரின் ஆக்கங்களைக் கொழும்பு இரசிகருக்கு வென்ட் இசைத்துக் காட்டினார். அவ்விசை மரபான ஒழுங்குகளைத் தளர்த்தி, ஒலியின் சாயலையும் அடர்த்தியையும் முதன்மைப்படுத்தியது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

1930களின் தொடக்கத்தில் வென்ட் நிழற்படக் கலையைத் தீவிரமாகக் கைக்கொண்டார். இக்காலத்து வாசகருக்கு அன்றைய தொழில்முறை சற்று விளக்கப்பட வேண்டியதாகும். கமராவின் உள்ளிருக்கும் படச்சுருளிற் பதிவது நெகற்றிவ். அதில் ஒளி இருளாகவும் இருள் ஒளியாகவும் மாறியிருக்கும். இருட்டறையில் அதனூடாக ஒளிபடு தாளின்மீது ஒளியைச் செலுத்தி, அத்தாளை இரசாயனக் கரைசலில் அமிழ்த்தி உருத்துலக்கும் போதுதான் பிரதி பிறக்கும். எத்தனை விநாடி ஒளி, எப்பகுதியைக் கையால் மறைத்து வெளிறச் செய்தல், எப்பகுதியைக் கருமையூட்டல், எத்தகைய தாள் என்பன அனைத்தும் பிரதியாக்குபவரின் முடிவுகள். ஒரே நெகற்றிவிலிருந்து இருவர் எடுக்கும் பிரதிகள் ஒருபோதும் ஒன்றாக இருப்பதில்லை.

நெகற்றிவ் சுரக்குறிப்புப் போன்றது, பிரதி அதன் இசைப்பு என்ற ஒப்புமையை அமெரிக்க நிழற்படக் கலைஞர் அன்செல் அடம்ஸ் பிற்காலத்திற் பரவலாக்கினார். அவரும் இளமையிற் பியானோ பயின்று இசைஞராக முனைந்தவர் என்பது தற்செயலன்று. வென்ட்டைப் பொறுத்தவரை இவ்வொப்புமை வெறும் அணியாகாது. அது அவருடைய தொழில் முழுவதற்கும் பொருந்துவது. சோலரைசேஷன் எனப்படும் முறையை அவர் கையாண்டார். உருத்துலக்கும் வேளையிற் கணநேரம் மீண்டும் ஒளிபடச் செய்ய, ஒளியும் இருளும் ஓரளவு இடம்மாறி, உருவின் விளிம்பில் வரைந்தாற்போன்ற ஒரு கோடு தோன்றும். கமராவே இன்றிப் பொருட்களை ஒளிபடு தாளின்மீது நேரே வைத்து உரு எடுத்தார். பல நெகற்றிவ்களை இணைத்து ஒரு பிரதி ஆக்கினார். பாரிசில் மான் றே முதலியோர் செய்துவந்த பரிசோதனைகளை அறிந்து, அவற்றை இந்நாட்டின் ஒளியிலும் இந்நாட்டு மனித உருவங்களிலும் செய்து பார்த்தார். மரத்தையோ செம்பையோ செதுக்கி அச்செடுக்கும் ஓவியருக்கு அச்செடுத்தலும் படைப்பின் ஒரு கட்டமாவது போல, வென்ட்டுக்கும் கமராவின் பொத்தானை அழுத்துவது வேலையின் தொடக்கமேயன்றி முடிவன்று. இப்பொருளில் அவரைப் பிரதியாக்கக் கலைஞர் என்று அழைப்பது தகும்.

1938இல் லண்டனில் அவருடைய நிழற்படங்கள் தனிக் கண்காட்சியாக வைக்கப்பட்டன. குடியேற்றநாட்டவர் ஒருவர், இலங்கையைப் படம்பிடித்து விற்ற ஐரோப்பிய ஸ்ரூடியோக்களின் வழக்கத்துக்கு மாறான இலங்கையைக் காட்டியமை அதன் வரலாற்று முக்கியத்துவமாகும். அந்த ஸ்ரூடியோக்களின் படங்களில் இந்நாட்டு மனிதர் 'வகை'களாக நிறுத்தப்பட்டனர்: இன்ன சாதியார், இன்ன தொழிலார், இன்ன உடையார். கப்பலில் வந்திறங்கும் பயணி தபாலட்டையாக வாங்கிச் செல்வதற்கான பண்டங்கள் அவை. வென்ட்டின் படங்களில் மீனவர், உழவர், நடனக் கலைஞர், துறவியர், தாய்மார் ஆகியோர் அவ்வாறு நிறுத்தி வைக்கப்பட்டவர்களாகத் தோன்றுவதில்லை. உழைத்துக் களைத்தவரின் ஓய்வு, வலையிழுக்கும் தோளின் இறுக்கம், வாயிற்படியில் விழும் வெயில் என்பவற்றை அவர் ஓர் இசைஞன் இடைநிறுத்தத்தை மதிப்பது போல மதித்தார்.

3. 'வணிகத்தின் குரல்கள்'

வென்ட்டின் இசையறிவும் காட்சியறிவும் ஒருங்கே தொழிற்பட்ட இடம் 'சோங் ஒவ் சிலோன்' என்ற விவரணப்படம். ஜோன் கிரியர்சனின் தயாரிப்பில் பசில் றைற் இயக்கிய இப்படம் 1934இல் உருவாகி, 1935இற் பிரசல்ஸ் திரைப்பட விழாவிற் பரிசு பெற்றது. படத்துக்குப் பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. 1929இன் உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தால் தேயிலை விலை வீழ்ச்சியுற்ற நிலையிற் சந்தையை விரிவுபடுத்துவதே அச்சபையின் நோக்கம். றைற்றுக்கு இந்நாட்டை அறிமுகஞ் செய்து வழிகாட்டியவர் வென்ட். படத்தில் ஒலிக்கும் வர்ணனைக் குரலும் அவருடையதே. றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலின் பகுதிகளை அக்குரல் நிதானமாக வாசிக்கின்றது.

படத்தின் நான்கு பகுதிகளுள் மூன்றாவது 'வணிகத்தின் குரல்கள்' எனப் பெயரிடப்பட்டது. தென்னையில் ஏறும் மனிதனையும் சுமை தூக்குவோரையும் திரையிற் காணும்போது, ஒலிப்பதிவில் விலை நிலவரங்களும் கப்பற் பயண அறிவித்தல்களும் வணிகக் கடித வாசகங்களும் ஒன்றன்மீது ஒன்று படிந்து கேட்கின்றன. உழைப்பவன் அக்குரல்களைக் கேட்பதில்லை. அக்குரல்களுக்கு உரியவர்கள் உழைப்பவனைக் காண்பதில்லை. மூலதனத்துக்கும் உழைப்புக்கும் இடையிலான உறவைக் காட்சிக்கும் ஒலிக்கும் இடையிலான முரணாக வெளிப்படுத்திய இப்பகுதி, விளம்பரத்துக்கெனச் செலவிடப்பட்ட பணத்தைக் கொண்டே விளம்பரத்தின் அடித்தளத்தைப் புலப்படுத்தியது. கலைப்படைப்பு அதற்குப் பணம் கொடுத்தவனின் நோக்கத்தை மீறிச் செல்லக்கூடும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஆயினும் இதன் மறுபக்கத்தையும் கூறாதுவிடல் நேர்மையன்று. தேயிலைக்காக எடுக்கப்பட்ட இப்படத்தின் மையம் சிங்கள பௌத்தக் கிராமமும் கண்டி நடனமுமே. தேயிலையை விளைவித்த மலையகத் தமிழ்த் தொழிலாளரின் வாழ்வு அதன் மையத்தில் இல்லை. லயன் அறைகளில் வாழ்ந்தோரை விலக்கி, தொன்மையும் அமைதியும் நிறைந்த ஒரு தீவு கட்டமைக்கப்பட்டது. படம் உருவான அதே 1934ஆம் ஆண்டின் இறுதியிற் பரவத் தொடங்கிய மலேரியா 80,000இற்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. அவர்களுட் பெரும்பாலோர் வறிய கிராமத்தவர். அந்நோய்க்கெதிராகக் கிராமங்களுக்குச் சென்ற இளைஞர்களே 1935இல் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவினர். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்திற் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டுக்குப் பலியானார். வென்ட்டின் கமரா இயங்கிய பத்தாண்டுகள் இவை. அவருடைய கலையில் உழைக்கும் உடல் உண்டு. உழைக்கும் வர்க்கம் இல்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவே அவருடைய எல்லை.

4. உடலும் பெயரும்

அவ்வெல்லையை இன்னொரு கோணத்திலும் நோக்க வேண்டும். வென்ட்டின் படங்களிற் கணிசமானவை இளம் ஆண்களின் உடலைப் பொருளாகக் கொண்டவை. அவற்றில் தன்பாலினக் காதலின் சாயலை அண்மைக்கால ஆய்வாளர் விரிவாக விளக்கியுள்ளனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானியர் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவை அத்தகைய உறவைக் குற்றமாக்கியிருந்தது என்பதை நோக்கும்போது, அப்படங்களின் துணிவை மதிக்கலாம். நமது பழைய முற்போக்கு விமர்சனம் இதுபற்றி வாய்திறக்காதிருந்தமை அதன் குறைபாடே. அடக்குமுறையின் ஒரு வடிவத்தை மட்டும் கண்டு மற்றொன்றுக்குக் கண்மூடுவது இயங்கியல் நோக்காகாது.

எனினும், விரும்பிப் பார்க்கும் பார்வையும் அதிகாரத்தினின்று விடுபட்டதன்று. கமராவை வைத்திருந்தவர் கொழும்புக் கறுவாத்தோட்டத்தில் வாழ்ந்தவர். கமராவின் முன் நின்றோரிற் பெரும்பாலோர் கிராமத்து உழைப்பாளர். தம் உருவம் லண்டனில் எவரெவர் கண்ணுக்கு விருந்தாகும் என்பதைத் தீர்மானிக்கும் நிலையில் அவர்கள் இல்லை. வென்ட் அவர்களுக்கு அழகை அளித்தார், கண்ணியத்தை அளித்தார். பெரும்பாலும் பெயரை அளிக்கவில்லை. கலைஞன் பெயர் பெறுவதும் உழைப்பாளி உருவம் மட்டும் பெறுவதும் வர்க்க சமூகத்துக் கலைப் பிரிவினையின் ஒரு வடிவம். தனி மனிதர் ஒருவரின் குற்றமாக இதனைச் சுருக்கிவிடலாகாது. நமது கூத்து மரபிலும் சிற்ப மரபிலும் இதற்கு மறுதலையான அநீதி ஒன்று உண்டு. அங்கு படைத்தவனே பெயரற்றுப் போனான். கோயிலைக் கட்டுவித்தவன் பெயர் கல்வெட்டில் நின்றது.

5. 1943

1943ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள், கில்போர்ட் பிறை வீதியில் வென்ட் வாழ்ந்த 'அல்பொராடா' இல்லத்தில் ஓவியர் சிலர் கூடினர். ஸ்பானிய மொழியில் வைகறைப் பண்ணைக் குறிக்கும் சொல் அது. அங்கு பிறந்த '43 குழு' குடியேற்றநாட்டுக் கலைச்சங்கத்தின் பழைமைவாத இயல்பு நெறியை நிராகரித்தது. ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தெரணியகல, ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ், ஜோர்ஜ் கிளாசன், மஞ்சுஸ்ரீ, றிச்சர்ட் கேப்ரியல் முதலியோர் அதில் இருந்தனர். யாழ்ப்பாணத்தில் 1938இல் வின்சர் கலைக்கழகத்தை நிறுவிய ஓவியர் எஸ். ஆர். கனகசபையின் பெயரும் தொடக்க உறுப்பினர் வரிசையில் உண்டு. வென்ட் தூரிகை பிடித்தவரல்லர். ஆயினும் குழுவை இயங்கச் செய்த விசை அவரே.

அதே ஆண்டில் யாழ்ப்பாணத்தில் மறுமலர்ச்சிச் சங்கம் தோன்றியது. வரதர், அ. ந. கந்தசாமி, அ. செ. முருகானந்தன், பஞ்சாட்சரசர்மா முதலியோர் ஈழத்துத் தமிழிலக்கியத்தை இந்த மண்ணின் வாழ்வோடு இணைக்க முனைந்தனர். 1946இல் 'மறுமலர்ச்சி' சஞ்சிகை வெளிவந்தது. 1943 ஜூலையில் இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி நிறுவப்பட்டது. அதே ஆண்டு மே மாதத்திற் பம்பாயில் இந்திய மக்கள் நாடக மன்றம் பிறந்தது. உலக யுத்தம் பழைய பேரரசுகளின் அடித்தளத்தை அசைத்த வேளையில், வெவ்வேறு மொழிகளிலும் வெவ்வேறு வர்க்கங்களிலும் ஒரேகாலத்தில் எழுந்த அசைவுகள் இவை.

இவற்றுள் வென்ட்டோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கவர் வங்காள ஓவியர் சித்தப்பிரசாத். அவரும் பிரதியாக்கக் கலைஞர்; லினோலியத் தகட்டைச் செதுக்கி அச்செடுத்தவர். மக்கள் நாடக மன்றத்தின் இலச்சினையான முரசறைவோன் உருவத்தை வரைந்தவரும் அவரே. 1943 நவம்பரில் மிதினாப்பூர் மாவட்டத்திற் கால்நடையாகச் சென்று, பஞ்சத்தில் மாண்டோரையும் மாள்வோரையும் கோட்டோவியங்களாக வரைந்து 'பசித்த வங்காளம்' எனப் பொருள்படும் பெயரில் நூலாக்கினார். அதன் 5,000 பிரதிகளைப் பிரித்தானிய அரசு கைப்பற்றி எரித்தது. குடும்பத்தார் காத்துவைத்த ஒரு பிரதி வழியாகவே அந்நூல் பின்னர் மீள உலகுக்குக் கிடைத்தது.

வென்ட்டின் பிரதிகள் சிலவே. ஒவ்வொன்றும் இருட்டறையிற் பல மணிநேரம் கழித்துப் பெறப்பட்டது. அதனைக் கண்டவர் கண்காட்சிக்கு வந்த சிலர். சித்தப்பிரசாத்தின் பிரதிகள் மலிவானவை. சந்தைக்கும் கூட்டத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் செல்வதற்கென்றே ஆக்கப்பட்டவை. முன்னதை அரசு எரிக்கவில்லை. எரிக்கும் அவசியம் அதற்கு இருக்கவில்லை. இதனைக் கொண்டு ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்துவது எளிது. நாம் அதனைச் செய்ய விரும்பவில்லை. சித்தப்பிரசாத்தே 1940களின் இறுதியிற் கட்சியினின்று விலகி, பம்பாயின் புறநகரொன்றில் வறுமையில் வாழ்ந்து 1978இல் மறைந்தார். மக்களுக்கான கலையை வேண்டிய இயக்கங்கள் அக்கலையை ஆக்கியவனைப் பேணுவதில் எவ்வளவு தவறின என்பதும் நமது வரலாற்றின் பகுதியே. இருவரையும் அருகருகே வைக்கும்போது தெளிவாவது வேறொன்று: ஒரு பிரதியின் சமூகப் பொருளை அதன் உருவம் மட்டும் நிருணயிப்பதில்லை, அது எத்தனை பேரைச் சென்றடைகின்றது, எவர் கையில் தங்குகின்றது என்பதும் நிருணயிக்கின்றது.

6. பிரதிகளின் கதி

வென்ட் 1944 டிசம்பர் 19ஆம் நாள் திடீரென மறைந்தார். 1950இல் லண்டனில் வெளியான 'லயனல் வென்ட்டின் சிலோன்' என்ற நூலும், சேகரிப்பாளர் சிலரிடம் எஞ்சிய பிரதிகளுமே இன்று அவர் கலைக்குச் சான்று. நெகற்றிவ்கள் அவர் மறைவின் பின் அழிக்கப்பட்டன. முன்னர் கூறிய ஒப்புமையைத் தொடர்ந்தால், சுரக்குறிப்பு அழிந்து இசைப்புகள் மட்டும் எஞ்சிய நிலை இது. அவருடைய பியானோ வாசிப்போ கேட்டவர் காதோடு போயிற்று.

அவர் வாழ்ந்த நிலத்தில் எழுந்த நினைவரங்கு 1953 டிசம்பரிற் திறக்கப்பட்டபோது முதலில் மேடையேறியது மாக்சிம் கோர்க்கியின் 'அதல பாதாளம்' நாடகம். அவ்வாண்டு ஆகஸ்டில் நாடு ஹர்த்தாலைக் கண்டிருந்தது. அரிசி விலையேற்றத்துக்கெதிராகத் தெருவில் இறங்கிய மக்களிற் பலர் அவ்வரங்கின் வாயிலைக் கண்டிருக்கமாட்டார். எனினும் சமூகத்தின் அடித்தட்டில் வாழ்வோரைப் பேசும் நாடகத்தோடு அது திறந்தமை அர்த்தமுடையது. பின்னர் சிங்கள நாடகங்களும் தமிழ் நாடகங்களும் அங்கு மேடையேறின. ஓர் உயர்குழாத்தின் சொத்து, ஓரளவேனும் பொது உடைமையாக மாறியது.

இனி நாரந்தனைக்கு வருவோம். தீவகத்துக் கத்தோலிக்கக் கிராமங்களில் நாட்டுக்கூத்து அண்ணாவியார் வாய்மொழியாலும் அவரது கூத்துக் கொப்பியாலும் வாழ்ந்த கலை. கொப்பியில் இருப்பது பாட்டின் சொற்கள் மட்டுமே. மெட்டும் தாளமும் ஆட்டமும் ஆடுபவர் உடலில் இருந்தன. அண்ணாவியார் கொப்பியைப் பெரும்பாலும் இரவல் கொடுப்பதில்லை. அதுவே அவருடைய அதிகாரமும் சீவனோபாயமும். 1990இல் இராணுவ நடவடிக்கையையடுத்துத் தீவக மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தபோது, வீடுகளில் விடப்பட்டவற்றுள் இக்கொப்பிகளும் குடும்ப நிழற்படங்களும் அடங்கும். மீண்டு வந்தவர்கள் சுவரைக் கண்டனர். சுவரில் மாட்டியிருந்தவற்றைக் காணவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் அழிந்தன என்பதை நாம் அறிவோம். எரித்தவர்களின் குற்றம் தெளிவானது. ஆயின் ஒரு சமூகத்தின் நினைவு ஒற்றைப் பிரதியிற் தங்கியிருந்தமை பற்றியும் நாம் சிந்தித்தல் வேண்டும்.

இதே தீவின் கரம்பனிற் பிறந்த தனிநாயகம் அடிகளார் பழைய தமிழ் அச்சுப் பிரதிகளை ஐரோப்பிய நூலகங்களிற் தேடியவர். 1679இல் அச்சேறிய புரோயென்சாவின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்திற் கண்டு, 1966இற் கோலாலம்பூரில் நிழற்பதிப்பாக வெளியிட்டார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் அலங்காரரூபன், எண்டிறீக்கு எம்பரதோர், மூவிராசாக்கள், ஞானசவுந்தரி ஆகிய நாடகங்களைப் பதிப்பித்து, கொப்பியிற் கிடந்தவற்றைப் பொதுவுடைமையாக்கினார். பேராதனைப் பல்கலைக்கழக அரங்கிற்கு அவர் கூத்தைக் கொண்டுசென்றமை பற்றி விமர்சனம் உண்டு. நகரத்து இரசனைக்கேற்ப அது சுருக்கப்பட்டது என்பது உண்மையே. எனினும் அச்சேறிய பனுவல் எவர் கையிலும் இருக்கலாம். இந்த ஓர் அம்சத்தில் அடிகளாரும் பேராசிரியரும் செய்த பணி, வென்ட்டின் கலைக்குச் செய்யப்படாது போன பணியாகும்.

முடிவுரை

நாம் கண்ட முடிவுகளைத் தொகுத்துக் கூறலாம். வென்ட் இசையிலிருந்து பிரதியாக்கத்துக்குக் கொண்டுவந்தது, கலை ஒவ்வொரு முறையும் கையால் மீண்டும் பிறப்பிக்கப்பட வேண்டியது என்ற ஒழுக்கம். அவ்வொழுக்கம் குடியேற்றநாட்டு வணிகப் படங்களின் 'வகை'களிலிருந்து மனித உருவை மீட்டது. அவரது வர்க்கம் அவருக்கு இருட்டறையையும் ஓய்வையும் அளித்தது. அதுவே அவருடைய படங்களைக் காண்போர் தொகையையும் சுருக்கியது. அவரைப் புறக்கணிப்பதால் முற்போக்கு விமர்சனம் இழப்பது அதிகம்; போற்றிப் பூசிப்பதாலும் அது பெறுவது ஒன்றுமில்லை.

இன்று ஒவ்வொருவர் கையிலும் கமரா இருக்கின்றது. பிரதியெடுத்தல் பணச்செலவு மிக்க தொழிலன்று. 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் எவரும் படிக்கத்தக்க வகையிற் பேணிவருகின்றது. எஞ்சிய கூத்துக் கொப்பிகளும், புலம்பெயர்ந்தோர் பெட்டிகளிற் கொண்டுசென்ற நிழற்படங்களும் இவ்வாறு பலவிடங்களிற் பேணப்படுதல் இப்போது இயலாத காரியமன்று. தடையாயிருப்பது, கொப்பி தமது குடும்பச் சொத்து என்ற பழைய உடைமையுணர்வும், எமது ஊர்க்கூத்து ஆய்வுக்குத் தகுந்ததன்று என்ற தாழ்வுணர்வும் ஆகும். தமிழ்ச் சங்கத்து மாணவர் விடுமுறையிற் தத்தம் ஊர்களுக்குச் செல்லும்போது ஒரு கொப்பியையேனும் பிரதிசெய்து வருவது பெரும் பணியாகும்.

அவ்வாறு செய்யும்போது, படத்தில் நிற்பவரின் பெயரையும் ஊரையும் தொழிலையும் மூத்தோரிடம் கேட்டு உடன் எழுதிவைக்க வேண்டும். மத்தளம் அடித்தவர் யார், உடுப்புத் தைத்தவர் யார், பெண் வேடமிட்டவர் யார் என்பன இன்னும் சொல்லக்கூடியவர் சிலர் இருக்கின்றனர். வென்ட் எழுதாது விட்டது அதுவே. அதனை எழுதுவதற்கு நமக்குப் பெரும் செல்வமோ இருட்டறையோ தேவையில்லை.